மூன்று காலுக்கு ஆறு வளைவு ஏன் ஒரே கயிற்றில் வராது?

கேள்வி இதுதான். கைத்தடியின் பிடியில் ‘டர்க்ஸ் ஹெட்’ என்கிற அலங்கார முடிச்சு போட ஒருவர் பழகியிருக்கிறார். ஓரத்தில் ஐந்து வளைவு வருகிற மாதிரி ஒரே கயிற்றில் போட்டால் அழகாக வந்துவிடுகிறது. தடி கொஞ்சம் பருமன் என்பதால் ஆறு வளைவு வைத்துப் பார்த்திருக்கிறார். பாதி தூரம்கூடப் போகாமல் கயிறு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. எங்கே தவறு செய்கிறேன், இரண்டு மூன்று கயிறு வைத்து இதைப் பின்னுவது எப்படி என்று கேட்கிறார்.

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. மூன்றுக்கு ஆறு ஒரே கயிற்றில் வராது, யார் போட்டாலும் வராது. இந்த முடிச்சைப் பழகிய எல்லோருமே ஒரு நாள் அதே இடத்தில் வந்து நின்றவர்கள்தான். எனக்கு அது நடந்தபோது, மேலே போக வேண்டிய இடத்தில் எங்கோ கீழே போயிருக்கிறேன் என்று நினைத்து, கயிற்றை நாலைந்து முறை பிரித்துப் பிரித்துச் சுற்றினேன். கோளாறு கையில் இல்லை, எண்ணில் இருக்கிறது என்று புரிய ஒரு வாரம் ஆனது. அந்த எண் விஷயம் பிடிபட்டுவிட்டால் ஒரு கயிறா, மூன்று கயிறா என்பதைக் கயிற்றைக் கையில் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

பேச இரண்டு சொல் வேண்டும். சடை பின்னும்போது மூன்று கால், நாலு கால் என்கிறோம் இல்லையா, அதே ‘கால்’ இங்கேயும் போதும். முடிச்சின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு எண்ணினால் எத்தனை இழை வருகிறதோ அத்தனை கால். ஓரத்தில் கயிறு திரும்புகிற இடம் வளைவு. கால் கூடினால் முடிச்சு அகலமாகும். வளைவு கூடினால் பருமனான தடியைச் சுற்றிப் பிடிக்கும். உங்களுக்கு வந்தது 3 கால் 5 வளைவு, வராதது 3 கால் 6 வளைவு.

இனி ஒரு தலைப்பின்னலை நினைத்துப் பாருங்கள். வலது காலை நடுவுக்குக் கொண்டுவருகிறோம், அடுத்து இடது காலை நடுவுக்கு. இந்த இரண்டு அசைவும் சேர்ந்து ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் பின்னலின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வளைவு விழுகிறது. மூன்று கால் டர்க்ஸ் ஹெட் என்பது இந்தச் சடையை வளையமாக்கி, நுனியை உச்சியோடு சேர்த்ததுதான், வேறொன்றும் இல்லை. ஒரு ஜோடி முடிந்ததும் மூன்று காலும் ஒவ்வொரு இடம் தள்ளி நிற்கும். மூன்று ஜோடி முடிந்ததும் எல்லாக் காலும் தத்தம் பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் வளையத்தை மூடினால் ஒவ்வொரு காலும் தன் தலையோடு தானே சேர்ந்து, மூன்று தனித்தனி வளையம் ஆகிவிடும். ஆறு ஜோடியிலும் அப்படித்தான், ஒன்பதிலும் அப்படித்தான். ஐந்து ஜோடியில் மூடினாலோ காலின் நுனி வேறொரு காலின் தலையைப் போய்த் தொடும், அந்தக் காலின் நுனி இன்னொன்றை. ஆக மூன்று கால் போலத் தெரிந்தாலும் ஓடுவது ஒரே கயிறு.

கால் நாலு, ஐந்து என்று போனால் சடைக் கணக்கு மனசில் நிற்காது. அப்போது வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணுவது போல எண்ணுங்கள். வளைவு எத்தனையோ அத்தனை பிள்ளைகள். கால் எத்தனையோ அத்தனை பேரைத் தள்ளிப் போங்கள். ஐந்து பேர், மும்மூன்றாகத் தள்ளினால்: 1, 4, 2, 5, 3, மறுபடி 1. எல்லோரையும் தொட்டாகிவிட்டது. ஆறு பேர், மும்மூன்றாக: 1, 4, மறுபடி 1. இரண்டே பேரோடு கணக்கு முடிந்தது. உங்கள் கயிறு பாதியில் திரும்பி வந்தது இதனால்தான்.

பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணிதான் இது. காலுக்கும் வளைவுக்கும் பொதுவாக 1 தவிர வேறு எந்த எண்ணும் இல்லையென்றால் ஒரே கயிறு போதும். பொதுவான எண்களில் மிகப் பெரியது 2 என்றால் இரண்டு கயிறு, 3 என்றால் மூன்று. 4 காலும் 6 வளைவும் என்றால் இரண்டு கயிறு. 5 காலும் 6 வளைவும் ஒரே கயிறு. 4 காலும் 8 வளைவும் என்றால் நாலு கயிறு. அமெரிக்கரான கிளிஃபோர்ட் ஆஷ்லி, 1944-இல் வெளிவந்த தன் பெரிய முடிச்சுப் புத்தகத்தில் 3,800-க்கும் மேற்பட்ட பதிவுகளுக்கு நடுவே இந்த விதியையும் எழுதி வைத்திருக்கிறார். திமிங்கல வேட்டைக் கப்பல்களுக்குப் பேர் போன நியூ பெட்ஃபோர்டில் பிறந்தவர் அவர், மாலுமிகளோடு பழகியே முடிச்சுகளைச் சேகரித்தார்.

இந்தக் கணக்கை நம் வீட்டு வாசலிலும் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். செவ்வகமாகப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சாய்வாகவே கோட்டை ஓட்டி, ஓரத்தில் மட்டும் திருப்பினால், எத்தனை கம்பி வரும்? கிடை வரிசை எண்ணிக்கைக்கும் நெடு வரிசை எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எத்தனையோ அத்தனை. 2-க்கு 3 புள்ளி வைத்தால் கையெடுக்காமல் ஒரே கம்பியில் முடியும். 3-க்கு 3 வைத்தால் மூன்று தனிக் கம்பி. ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம் ஆகாது. ஒரே கம்பியில் வர வேண்டும் என்று ஆசைப்படும்போது கோலத்தில் என்ன செய்வோம்? இரண்டு கம்பி வெட்டிக்கொள்கிற ஏதாவது ஓரிடத்தில், வெட்ட விடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிடுவோம். இரண்டு கம்பியும் ஒன்றாகிவிடும். கயிற்றில் தட்டையாகப் பின்னும் பாய் போன்ற முடிச்சுகளிலும் இதே உத்தி செல்லும். அப்படித் திருப்பினாலும் ஒன்றுவிட்டு ஒன்று மேலே கீழே போகிற முறை கெடாது. கோலம் தெரிந்த கைக்கு இந்த முடிச்சு பாதி தெரிந்த மாதிரிதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, செய்முறைக்கு வருவோம். கை விரலில் சுற்றிப் போடும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதில் எந்த இழை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, எண்ணிக்கையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். குண்டூசி முறைக்கு மாறிவிடுங்கள். அலுமினியத் தாள் சுற்றி வருகிற அட்டைக் குழாய் போதும். இடது ஓரத்தில் ஒரே வட்டத்தில் சம இடைவெளியில் ஐந்து குண்டூசி குத்துங்கள், இ1 முதல் இ5 வரை. மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளி வலது ஓரத்தில் இன்னும் ஐந்து, வ1 முதல் வ5 வரை. வலது ஊசிகள் இடது ஊசிகளுக்கு நேராக வரக் கூடாது, இடைவெளிக்கு நேராக வர வேண்டும். வ1 என்பது இ1-க்கும் இ2-க்கும் நடுவில், வ2 என்பது இ2-க்கும் இ3-க்கும் நடுவில், அப்படியே போய் வ5 என்பது இ5-க்கும் இ1-க்கும் நடுவில். (கால் ஒற்றைப்படை என்பதால் இப்படி. நாலு கால், ஆறு கால் என்று இரட்டைப்படையாக இருந்தால் இரண்டு ஓரத்து ஊசிகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ஊசி குத்தியே பலர் முதல் அடியில் சறுக்குகிறார்கள்.)

கயிற்றின் ஒரு முனையை இ1 பக்கத்தில் ஒட்டுநாடா போட்டு நிறுத்துங்கள். குழாயை எப்போதும் ஒரே திசையில் உருட்டிக்கொண்டே கயிறு போக வேண்டிய வழி: இ1, வ2, இ4, வ5, இ2, வ3, இ5, வ1, இ3, வ4, கடைசியில் மறுபடி இ1. ஒவ்வொரு ஊசியையும் வெளிப்பக்கமாகச் சுற்றித் திரும்புங்கள். மொத்தம் பத்து ஓட்டம். இடது ஊசிகளை மட்டும் படித்துப் பாருங்கள்: 1, 4, 2, 5, 3. மேலே பிள்ளைகளை எண்ணிய அதே வரிசை.

எங்கே மேலே, எங்கே அடியில்? இதற்கு ஒரு வரியில் விதி இருக்கிறது. கிளம்புகிற ஓரத்துக்குப் பக்கத்தில் ஏதாவது இழை குறுக்கிட்டால் அதன் அடியில் நுழையுங்கள். போய்ச் சேருகிற ஓரத்துக்குப் பக்கத்தில் குறுக்கிட்டால் அதன் மேலே போங்கள். இதன்படி சுற்றினால் ஒரு நல்ல விஷயம் நடக்கும். முதல் மூன்று ஓட்டத்தில் குறுக்கீடே இருக்காது. நாலாவது முதல் ஏழாவது வரை ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே ஒரு குறுக்கீடு, அதுவும் சேருகிற ஓரத்தில்தான். அதாவது ஏழு ஓட்டம் வரைக்கும் கயிற்றைச் சும்மா மேலே மேலே சுற்றிக்கொண்டு போகலாம், எங்கேயும் நுழைக்க வேண்டியதில்லை. எட்டு, ஒன்பது, பத்து, இந்தக் கடைசி மூன்றில் மட்டும் முதலில் வருவதன் அடியில் நுழைந்து, அடுத்து வருவதன் மேலே போக வேண்டும். மொத்த முடிச்சுக்கும் மூன்றே நுழைப்பு. பத்தாவது ஓட்டம் முடிந்து இ1-க்கு வரும்போது, அதுவரை வெறும் சுற்றாகக் கிடந்தது சட்டென்று பின்னலாகிவிடும். எத்தனையோ முறை போட்டுவிட்டேன், அந்த மூன்றாவது நுழைப்பு முடிகிற கணம் இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

எல்லாச் சந்திப்பும் சரியா என்று இப்போதே பாருங்கள். கயிற்றோடு விரலை ஓட்டிக்கொண்டு போனால் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி வர வேண்டும். இரண்டு மேல் அடுத்தடுத்து வந்தால் அங்கே பிழை. இந்தக் கட்டத்தில் திருத்துவது சுலபம். இரட்டிப்பாக்கிய பிறகு கண்டுபிடித்தால் முழுக்கப் பிரிக்க வேண்டியதுதான்.

ஊசிகளை உருவி, முடிச்சைத் தளர்வாகவே தடிக்கு மாற்றுங்கள். அடுத்தது இழையைக் கூட்டுவது. ஓடுகிற முனையைத் தொடக்க முனையின் பக்கத்திலேயே விட்டு, அது போன வழியெல்லாம் இதையும் கொண்டுபோக வேண்டும். அது மேலே போன இடத்தில் மேலே, அடியில் போன இடத்தில் அடியில். இங்கே எல்லோரும் செய்கிற பிழை ஒன்று உண்டு. ஓரத்தில் திரும்பும்போது தெரியாமல் முதல் இழையைத் தாண்டி அதன் மறுபக்கத்துக்குப் போய்விடுவது. நீங்கள் முதல் இழைக்கு இடது கைப் பக்கம் தொடங்கினால் கடைசிவரை இடது கைப் பக்கமே இருக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓரங்களைக் கவனியுங்கள். புது இழை ஒரு ஓரத்தில் எல்லா வளைவிலும் உள்பக்கம் இருக்கும், எதிர் ஓரத்தில் எல்லா வளைவிலும் வெளிப்பக்கம் இருக்கும். ஒரே ஓரத்தில் ஒரு வளைவில் உள்ளேயும் அடுத்த வளைவில் வெளியேயும் வந்தால், நடுவில் எங்கோ தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டாவது சுற்று முடிந்ததும் அதே போல மூன்றாவது. மூன்று இழையில்தான் முடிச்சு நிறைந்து தெரியும். நாலு இழை போட்டால் எனக்கென்னவோ பின்னலின் கோடு மங்கிப்போவதாகத் தோன்றும்.

இனி இறுக்குவது. முடிச்சு போடுவது கால் மணி நேர வேலை என்றால் இறுக்குவது முக்கால் மணி நேர வேலை. இதில் அவசரப்பட்டால் இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் வீண். என் அப்பாவின் தடிக்கு நான் போட்ட முதல் முடிச்சில் இரண்டு முனையையும் பிடித்து நன்றாக இழுத்துவிட்டேன். முனைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு வளைவு தடிக்குள் பதிகிற மாதிரி இறுகி, எதிர்ப்பக்கம் தொங்கியது. முனையை இழுத்தால் முனைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் இறுகும். தளர்வு தானாக வெளியே வந்துவிடாது. அதை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நாம்தான் நடத்திக்கொண்டு போக வேண்டும்.

செய்கிற விதம் இது. முனை மழுங்கிய கோணி ஊசியோ, தீட்டிய மூங்கில் குச்சியோ எடுத்துக்கொள்ளுங்கள். கூரான ஊசி கயிற்றைக் குத்திப் பிரித்துவிடும். தொடக்க முனையிலிருந்து ஆரம்பித்து, முதல் மேல்பாலத்தின் (இழை இன்னொன்றின் மேலே போகிற இடம்) அடியில் ஊசியை விட்டு இழையை மெல்லத் தூக்குங்கள். அங்கே இருக்கிற தளர்வு ஒரு சின்னக் கண்ணியாக எழும்பும். அடுத்த பாலத்துக்குப் போய்த் தூக்கினால் முந்தைய கண்ணி படிந்து இது பெரிதாகும். இப்படியே மூன்று சுற்று தூரமும் கண்ணியை ஓட்டிக்கொண்டு போய் ஓடும் முனையில் வெளியே விடுங்கள். முதல் தடவையிலேயே இறுக்கிவிடாதீர்கள். முதல் தடவை தடியைத் தொடுகிற அளவு, இரண்டாவது தடவை வழுக்காத அளவு, மூன்றாவது தடவை கட்டைவிரலால் தள்ளினாலும் நகராத அளவு. ஒவ்வொரு தடவைக்கும் இடையே முடிச்சை உள்ளங்கையில் பொத்தி உருட்டினால் வளைவுகள் தாமாகவே வரிசைக்கு வரும். கடைசியில் இரண்டு முனையும் ஒரே மேல்பாலத்தின் அடியில் ஒளிகிற மாதிரி விடுங்கள். ஒட்ட நறுக்குவது ஒரு மாதம் கழித்துத்தான், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நைலான், பாலியெஸ்டர் என்றால் நறுக்கிய முனையை லேசாகச் சூடு காட்டி உருக்கலாம். பருத்தி என்றால் அடியில் இரண்டு தையல் போதும்.

கயிற்றைப் பற்றிச் சுருக்கமாக: மூன்று மில்லிமீட்டர் பின்னல் கயிறு நல்லது. முறுக்குக் கயிறு கையில் ஓட ஓட முறுக்குப் பிரிந்து தளர்ந்துவிடும். மேக்ரமேவுக்கு விற்கிற பருத்திக் கயிறு பார்க்க அழகு, ஆனால் தினமும் கை படுகிற தடிக்கு சீக்கிரம் அழுக்கேறும். தேங்காய் நார் கையைக் குத்தும், இதற்கு வேண்டாம். நீளத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: தடியின் சுற்றளவு, பெருக்கல் கால், பெருக்கல் இழை, பெருக்கல் ஒன்றரை. 8 சென்டிமீட்டர் சுற்றளவு, 3 கால், 3 இழை என்றால் 108 சென்டிமீட்டர் வரும். தளர்வாகச் சுற்றத் தேவைப்படும் என்பதால் இரண்டு மீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஆறு வளைவுக்கு வருகிறேன். மூன்று மில்லிமீட்டர் கயிற்றை மூன்று இழையாகப் போட்டால் ஒரு வளைவு தடியின் சுற்றளவில் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டரை அடைக்கும். இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள தடிக்கு ஐந்து வளைவு, இரண்டரைக்கு ஆறு, மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் ஏழு. உங்கள் தடி இரண்டரை சென்டிமீட்டராக இருக்கும் என்று ஊகிக்கிறேன், அதனால்தான் கை தானாகவே ஆறைத் தேடிப் போயிருக்கிறது. ஒரே கயிறுதான் வேண்டும் என்றால் வளைவை விட்டுவிட்டுக் காலை மாற்றுங்கள். 5 கால் 6 வளைவு ஒரே கயிற்றில் வரும், பட்டை அகலமாகி பிடிக்கும் இன்னும் பொருத்தமாக இருக்கும். அங்கேயும் கிளம்பும்போது அடியில், சேரும்போது மேலே என்ற முறைதான். நடுவில் குறுக்கீடுகள் கூடுவதால் வழியை முதலில் கட்டத் தாளில் வரைந்து, ஒவ்வொரு சந்திப்பிலும் எது மேலே என்று குறித்து, அந்தத் தாளையே குழாயில் சுற்றி ஒட்டிவிட்டு அதன் மேல் கயிற்றை ஓட்டுங்கள். நாலு கால் மாதிரி இரட்டைப்படைக்கு விதி கொஞ்சம் மாறும்: ஒரு திசையில் போகும்போது மேலே தொடங்கி மேலே முடியும், எதிர்த் திசையில் வரும்போது அடியில் தொடங்கி அடியில் முடியும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் 3 கால் 6 வளைவையே மூன்று நிறத்தில் போடுவேன். ஒரே கயிற்றில் வராத அந்த எண்ணிக்கைதான் பல கயிற்றுக்கு மிகச் சுலபமானது. இரண்டு ஓரத்திலும் ஆறாறு ஊசி. சிவப்புக் கயிறு: இ1, வ2, இ4, வ5, இ1. நாலே ஓட்டம், தன்னைத் தானே எங்கும் வெட்டாத ஒரு நெளி வளையம். அடுத்து மஞ்சள்: இ2, வ3, இ5, வ6, இ2. இது சிவப்பை நாலு இடத்தில் சந்திக்கும், நாலிலும் மேலேயே போகட்டும். எங்கேயும் நுழைக்க வேண்டாம். மூன்றாவது பச்சை: இ3, வ4, இ6, வ1, இ3. மஞ்சளைச் சந்திக்கும் இடமெல்லாம் மேலே, சிவப்பைச் சந்திக்கும் இடமெல்லாம் அடியில். அவ்வளவுதான். முழுமையான மேல்கீழ்ப் பின்னல் வந்துவிடும்.

அந்த மூன்றையும் தடியில் இறுக்குவதற்கு முன்னால் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். மஞ்சள் சிவப்பின் மேல் கிடக்கிறது, பச்சை மஞ்சளின் மேல், சிவப்பு பச்சையின் மேல். எந்த இரண்டு நிறத்தை எடுத்தாலும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளவே இல்லை, ஒன்றின் மேல் ஒன்று சும்மா படிந்திருக்கின்றன. ஏதாவது ஒரு நிறத்தை வெட்டி உருவினால் மற்ற இரண்டும் தனித்தனியே கழன்று வந்துவிடும். மூன்றும் இருக்கும்போது மட்டும் எதையும் பிரிக்க முடியாது. இதே மூன்று கால் பின்னலை மூன்று வளைவோடு நிறுத்தினால் கிடைப்பதுதான் போரோமியன் வளையங்கள். இத்தாலியின் போரோமியோ குடும்பம் தன் சின்னத்தில் வைத்திருந்ததால் அந்தப் பெயர். சென்னை திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் ஒரு கல்தூணில் இதற்கு உறவான உருவம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. மூன்று முக்கோணங்கள் ஒன்றுக்கொன்று திரும்பி நின்று ஒன்பது முனை காட்டும். அங்கேயும் எந்த இரண்டும் தனியாகக் கோத்துக்கொள்வதில்லை, மூன்றும் சேர்ந்தால் பிரிவதில்லை. நம் எண்ணிக்கையில் சொன்னால் 3 கால், 9 வளைவு, மூன்று கயிறு. கயிற்றில் போட்டுப் பழகியவர்கள் அந்தத் தூணுக்கு முன் நின்றால் செதுக்கியவரின் கணக்கைக் கண்ணாலேயே பின்தொடரலாம்.

பல கயிற்றில் ஒரு சங்கடம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஒரே கயிறு என்றால் ஒளிக்க வேண்டியது இரண்டு முனைதான். மூன்று கயிறு என்றால் ஆறு முனை. ஆறையும் ஒரே இடத்தில் ஒளித்தால் அங்கே புடைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு நிறத்தின் முனையையும் வெவ்வேறு பாலத்தின் அடியில் விடுங்கள். இறுக்கும்போதும் ஒரு நிறத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். சிவப்பில் கொஞ்சம், மஞ்சளில் கொஞ்சம், பச்சையில் கொஞ்சம் என்று மாறி மாறிப் போனால்தான் மூன்றும் ஒரே மட்டத்தில் படியும்.

முடிச்சுக்குத் தலைப்பாகையின் சாயல் இருப்பதால்தான் மாலுமிகள் ‘துருக்கியர் தலை’ என்று பெயர் வைத்தார்கள். இது அழகுக்கு மட்டும் பிறந்ததும் அல்ல. பழைய கப்பல்களில் சுக்கான் சக்கரத்தின் ஒரே ஒரு ஆரக்காலில் இதைப் போட்டு வைப்பார்கள். அந்த ஆரக்கால் நேர் மேலே நின்றால் சுக்கான் நேராக இருக்கிறது என்று அர்த்தம். இருட்டில் சக்கரம் பிடிப்பவர் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, கையில் முடிச்சு தட்டுப்பட்டால் போதும். சாரணர்கள் கழுத்துத் துணியைச் செருகிக்கொள்ளும் வாகிளும் இதுதான், 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் தோலில் பின்னத் தொடங்கினார்கள். அர்ஜென்டினாவின் மாடு மேய்ப்பவர்கள் கத்திப் பிடியிலும் சாட்டையிலும் பச்சைத்தோல் வாரை ஈரமாக வைத்து இதைப் பின்னுவார்கள். காயக் காயத் தோல் சுருங்கித் தானே இறுகிக்கொள்ளும்.

உங்கள் தடிக்கும் அதே பயன் உண்டு. பிடியின் அடிப்பக்கம், சுண்டுவிரல் வந்து முட்டுகிற இடத்தில் முடிச்சு நிற்கும்படி போடுங்கள். கை வியர்த்தாலும் கீழே வழுக்கிப் போகாது. போடுவதற்கு முன் அந்த இடத்தில் தடியின் மெருகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், பளபளப்பான மரத்தில் எவ்வளவு இறுக்கினாலும் முடிச்சு ஒரு நாள் சுழலத் தொடங்கும். ஒரு மாதம் கையில் புழங்கிய பிறகு கயிறு படிந்து கொஞ்சம் தளரும். அதனால் முனைகளை முதல் நாளே ஒட்ட நறுக்காமல் இரண்டு விரல் நீளம் விட்டு உள்ளே செருகி வைத்திருங்கள். அந்தத் தளர்வையும் ஊசியால் ஓட்டி எடுத்த பிறகு நறுக்கிக்கொள்ளலாம்.